சட்டம் தோட்ட எல்லையில் நின்றுவிடக் கூடாது

டிசம்பர் 10ஆம் திகதி சர்வதேச மனித உரிமைகள் தினம். 1948ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மனிதராகப் பிறந்த எல்லோரும் மதிப்பிலும் உரிமையிலும் சமமானவர்கள் என்று அது கூறுகிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்று அதன் 15ஆவது உறுப்புரை கூறுகிறது.

அந்தப் பிரகடனத்துக்குச் சரியாக 25 நாட்களுக்கு முன்னர், 1948 நவம்பர் 15ஆம் திகதி, இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அப்போது ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை. காட்டை வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்டு, ரோட்டும் ரயில் பாதையும் போட்ட மக்களைச் சுதந்திர நாட்டின் அந்தச் சட்டம் நாடற்றவர்களாக ஆக்கியது. ஒரு மனிதனுக்கு நாடு இல்லாமல் போகக் கூடாது என்று உலகம் எழுதி வைத்ததும், எமது மக்களுக்கு நாடு இல்லாமல் போனதும் ஒரு மாத இடைவெளிக்குள் நடந்தன.

இது பழைய கதை என்று சிலர் சொல்வார்கள். "இப்போது உங்களுக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, பாராளுமன்றத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அமைச்சர்களும் இருந்திருக்கிறார்கள். இன்னும் என்ன பாரபட்சம்?" என்று கேட்பார்கள். வெளியில் உள்ளவர்கள் மட்டுமல்ல, தோட்டத்தில் பிறந்து நகரத்தில் வேலை செய்யும் எமது இளைஞர்கள் சிலரும் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆத்திரப்படாமல் இதற்குப் பதில் சொல்லும் கடமை எமக்கு உண்டு. அந்தப் பதிலுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லாத சட்டம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாலும், "தோட்டத் தொழிலாளர்களுக்குப் பிரஜாவுரிமை கிடையாது" என்று ஒரு வரி கூட இருக்காது. வம்சாவளியால் பிரஜையாவதற்கு ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றுதான் அது சொன்னது. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் இதை நிரூபிக்கும்படி யாரிடம் கேட்பார்கள்? பரம்பரைக் கிராமத்தில் இருப்பவரிடம் யாரும் பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்கப் போவதில்லை. லயத்தில் பிறந்து, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறி, தகப்பனின் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாலும் காணாத தொழிலாளியிடம்தான் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1949இல், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பம் போடலாம் என்றார்கள். எத்தனை வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்தாய், அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு, வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை நிராகரித்தார்கள். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தமது பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை.

இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். கொடக்கன் பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற வழக்கு அது. அன்றைய அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்திருந்தது. அந்தப் பாதுகாப்பு எமக்கும் பொருந்தும் என்பதே வாதம். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றது. தனது பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்குரிய இயல்பான அதிகாரம், இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த சட்டமாகாது என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் எமது பெயர் இல்லை என்பதே எமது வழக்கைத் தோற்கடித்தது.

அதன் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேர் கணக்கில் வைக்கப்பட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. 1974இல் அந்த 150,000 பேரையும் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே லயத்தில் இருந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவரானார்கள். தலைமன்னார் கப்பலில் அழுதுகொண்டு போனவர்களை வழியனுப்பியவர்கள் இன்றும் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

எஞ்சியவர்களுக்காக 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் இந்த நாட்டில் வாழும் எமது மக்களுடைய நாடற்ற நிலைக்கு முடிவு வந்தது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள். கலவரங்களுக்கு அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன எம்மவர்களில் பலர் இன்றும் எந்த நாட்டுப் பிரஜையும் ஆகாமல் காத்திருக்கிறார்கள்.

இந்த 55 ஆண்டுகள் எமக்குக் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. பாரபட்சம் எமது பெயரை எழுதிக்கொண்டு வருவதில்லை. பொதுவான விதியைப் போலத்தான் வரும். அது யாரைத் தொடுகிறது, யாரைத் தொடாமல் போகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

எல்லையில் நிற்கும் சட்டம்

இன்றைய அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் என்பன காரணமாக எந்தப் பிரஜைக்கும் ஓரவஞ்சனை காட்டக் கூடாது என்கிறது. 26ஆவது உறுப்புரை, இலங்கையில் ஒரே வகைப் பிரஜைதான் உண்டு, பிரஜாவுரிமை எந்த வழியில் கிடைத்தது என்பதை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதாவது பரம்பரைப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதம் 1978இலேயே சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நல்ல வார்த்தைகள். இவற்றை நாம் மதிக்கிறோம், இவற்றின் மீதுதான் எமது கோரிக்கைகளை நிறுத்துகிறோம்.

ஆனால் இந்த வார்த்தைகள் தோட்டத்துக்குள் எவ்வளவு தூரம் வருகின்றன?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்து ரோட்டு, தெரு விளக்கு, குடிநீர், குப்பை அகற்றுதல், நூல்நிலையம், மயானம் எல்லாம் பிரதேச சபையின் வேலை. அந்தச் சபைக்கு நாமும் வாக்களித்தோம். எமது ஆட்களையும் தெரிவு செய்து அனுப்பினோம். ஆனால் சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இடையூறாக இருந்தது. எமது வாக்கால் தெரிவான உறுப்பினரே, எமது லயத்துக்கு ஒரு படிக்கட்டுக் கட்டித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை, 31 ஆண்டுகள் ஆனது. இந்தச் சட்டத்திலும் எமது இனத்தின் பெயர் கிடையாது. "தோட்டம்" என்ற சொல் போதுமானதாக இருந்தது.

சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பழக்கம் திருந்தவில்லை. இன்றும் பல இடங்களில் ரோட்டைக் கேட்டால் சபை கம்பனியைக் காட்டுகிறது, கம்பனி சபையைக் காட்டுகிறது. சுகவீனமான ஒருவரை ரோட்டு மோசம் என்பதற்காகக் கம்பளியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வரும் போது, அந்த ரோட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.

அடுத்தது முகவரி. கிராமத்தில் உள்ளவருக்கு வீட்டிலக்கம் உண்டு. தபால்காரர் வீட்டுக்கு வருவார். தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு இன்றும் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் முகவரி. கடிதங்கள் கட்டாகத் தோட்ட ஆபீசுக்கு வருகின்றன. அங்கிருந்து எப்போது, யார் கையில் வருகிறது என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வருகிறது. வங்கிக் கடிதமும் நீதிமன்ற அறிவித்தலும் யாரோ ஒருவர் கையைக் கடந்து வருகின்றன. உயர்தரத்தில் சித்தியடைந்த பிள்ளையின் எதிர்காலம், ஆபீஸ் மேசையில் கிடக்கும் ஒரு கடித உறையில் தங்கியிருக்கிறது.

அடையாள அட்டைக்கும் இதே கதைதான். கிராமத்தில் இருப்பவரின் விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துகிறார். தோட்டத்தில் இருப்பவர் தோட்ட அத்தியட்சகரின் கையொப்பத்துக்குப் போகும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. துரை நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினையல்ல. சம்பளம் கொடுப்பவரே, நீ இந்த நாட்டு மனிதன்தான் என்று கையொப்பமும் வைக்கும் நிலை இருக்கலாமா என்பதே பிரச்சினை. நேற்று சம்பளப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் செய்தவர், இன்று மகளின் அடையாள அட்டைக்கு அதே மேசையின் முன் நிற்க வேண்டும் என்றால், தொழிற்சங்க உரிமையும் அங்கே பலவீனமாகிறது. இதை நமது உறுப்பினர்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

மண்ணுக்கு உரியவர் யார்?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காணி. வீட்டிலக்கம் இல்லை, ஏனென்றால் வீடு எமதில்லை. வீடு எமதில்லை, ஏனென்றால் நிலம் எமதில்லை.

"தோட்டம் தனியார் காணி, அரசாங்கம் என்ன செய்யும்?" என்று சொல்லிச் சொல்லி எம்மையும் நம்ப வைத்துவிட்டார்கள். உண்மை அப்படியல்ல. 1972ஆம், 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம்தான் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பெருந்தோட்டக் கம்பனிகள் நிலத்தின் சொந்தக்காரர்கள் அல்ல, குத்தகைக்காரர்கள். நிலத்தின் உரிமை இன்றும் அரசிடம்தான் இருக்கிறது. ஆகவே லயம் நிற்பது அரச காணியில். அரச காணியில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கும் பிரஜைக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்கு உறுதி கொடுக்க அரசாங்கத்துக்குத் தடையாக இருப்பது சட்டமல்ல, மனம்தான்.

காணிச் சீர்திருத்தம் வந்தபோது அந்தக் காணியில் உழைத்தவர்களுக்கு அது பகிரப்படவில்லை. மாறாக, பலர் இருந்த லயத்திலிருந்தும் விரட்டப்பட்டார்கள். அந்த ஆண்டுகளின் பட்டினிச் சாவுகளை மூத்தவர்கள் மறக்க மாட்டார்கள். தோட்டக் காணியைத் தொழிலாளரை ஒதுக்கிவிட்டு வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்தபோது எழுந்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சங்கம் சேரும் உரிமைக்காக உயிரைக் கொடுத்தார் என்றால், சிவனு லட்சுமணன் காலடி மண்ணுக்காகக் கொடுத்தார்.

நிலம் இல்லை என்பது உயிர் போகிற விடயம் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை காட்டியது. மண்சரிவில் லயங்கள் மண்ணோடு மண்ணாகின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் போய்விட்டார்கள். எச்சரிக்கப்பட்டவர்கள் எங்கே போவது? சொந்தக் காணி உள்ளவர் மேட்டை விட்டு இறங்கி வேறு துண்டில் ஒரு கொட்டிலாவது போடுவார். லயத்தில் இருப்பவருக்கு அடுத்த லயம்தான் உண்டு. பாரபட்சம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

புதிய வீடுகள் சில இடங்களில் வந்திருக்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலரிடம் வீடு இருக்கிறது, உறுதி இல்லை. உறுதி இல்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது. ஒரு பிரச்சினை வந்தால் இது என் வீடு என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லவும் முடியாது.

வறுமையா, பாரபட்சமா?

"கிராமத்திலும் ஏழைகள் இருக்கிறார்கள், அங்கேயும் ரோட்டு இல்லை, உங்களுக்கு மட்டும் என்ன தனிக் கதை?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்வோம். கிராமத்து ஏழை விவசாயி எமது எதிரியல்ல. அவருடைய பிள்ளையும் எமது பிள்ளையும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். விலைவாசி இருவரையும் ஒன்றாகத்தான் அடிக்கிறது. அவருக்குக் கிடைக்க வேண்டியதைப் பறித்து எமக்குத் தாருங்கள் என்று இந்தச் சங்கம் ஒருபோதும் கேட்டதில்லை.

ஆனால் வறுமைக்கும் பாரபட்சத்துக்கும் வித்தியாசம் உண்டு. கிராமத்து ரோட்டு மோசமாக இருந்தால், பணம் இல்லை என்பது காரணம். தோட்டத்து ரோட்டு மோசமாக இருந்தால், அது தோட்டம் என்பது காரணம். முன்னையவருக்கு வரிசையில் இடம் பின்னால் இருக்கிறது. எமக்கு அது உங்கள் வரிசையல்ல என்று சொல்லப்படுகிறது. ஜனநாயக நாட்டில் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். எமது கோரிக்கை அவ்வளவுதான்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2021இன் இறுதியில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நவீன அடிமைத்தனம் தொடர்பான விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாடா, மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் நிலையைப் பற்றித் தமது அறிக்கையில் எழுதியிருக்கிறார். 2023இல் எமது வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தார்கள். வழியில் இருந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றார்கள். எமது நியாயத்தைச் சரியாகச் சொன்னால் கேட்பதற்கு இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

கையில் இருக்கும் ஆயுதங்கள்

உரிமை மறுக்கப்படும்போது எங்கே போவது என்பது எமது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்க அலுவலகமோ அதிகாரியோ பொலிஸாரோ சமத்துவ உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அந்த முறைப்பாட்டின் மீது ஆணைக்குழுவின் விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலம் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும், தமிழில் கடிதம் எழுதவும், தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. தமிழும் அரசகரும மொழி என்று 18ஆவது உறுப்புரை சொல்கிறது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் தமிழில் அலுவல் பார்க்கலாம் என்று 22ஆவது உறுப்புரை சொல்கிறது. விளங்காத படிவத்தில் கைநாட்டோ கையொப்பமோ வைக்க வேண்டாம். தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்னொரு நல்ல கருவி. கடந்த வருடம் எமது வட்டாரத்தில் தோட்டங்களுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள், கிராமங்களுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று பிரதேச சபையிடம் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மேடையில் கத்துவதை விட, சபை தானே எழுதித் தந்த கணக்கு அதிகம் பேசும்.

இந்த வழிகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அடிப்படை உரிமை மனு, நிறைவேற்று மற்றும் நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் கம்பனிக்கு எதிராக நேரடியாகப் போட முடியாது. கிராமவாசியின் வாழ்க்கையில் அரசாங்கம் செய்யும் வேலைகள் பலவற்றைத் தோட்டவாசியின் வாழ்க்கையில் கம்பனி செய்கிறது. அதனால் அதே மறுப்பு கிராமத்தில் நடந்தால் உரிமை மீறல், தோட்டத்தில் நடந்தால் நிர்வாகப் பிரச்சினை. புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு அரசாங்கத்திடமும் இந்த ஓட்டையை அடைக்கும்படி நாம் கேட்க வேண்டும்.

அதே அளவுகோல் எமக்கும்

12ஆவது உறுப்புரையில் இனமும் மொழியும் மட்டுமல்ல, சாதியும் பாலும் இருக்கின்றன. அரசாங்கத்தை அளக்கும் கோலால் எமது லயத்தையும் அளக்க வேண்டும்.

மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஒரே மலையில் நின்ற ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற அநியாயம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால்தான் முடிவுக்கு வந்தது. அது தொழிற்சங்க வரலாற்றில் ஒரு பெரிய வெற்றி. அந்த வெற்றி சம்பளச் சீட்டோடு நின்றுவிடக் கூடாது. தோட்டத் தலைவர் பதவிக்குப் பெண்கள் வர வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் மாதர் சங்கத் தலைவி மூலையில் அல்ல, முன்வரிசையில் இருக்க வேண்டும். காணி உறுதி வரும் நாளில் அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். கோயில் கமிட்டியிலும் கல்யாண வீட்டிலும் சாதி பார்ப்பவர், பிரதேச செயலகத்தில் சமத்துவம் கேட்கும்போது அந்தக் குரலில் பாதி பலம் போய்விடுகிறது.

எமது கோரிக்கைகள்

ஒன்று: லயத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கட்டுவதற்கான காணி, முழுமையான உறுதியுடன், கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள இடங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

இரண்டு: உறுதி கிடைக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்போதே வீட்டிலக்கமும், கடிதம் நேரடியாகக் கையில் கிடைக்கும் ஒழுங்கும் வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பெயிண்ட் வாளியும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

மூன்று: பிரஜைக்குரிய அத்தாட்சிகளை அரச அலுவலர்களே வழங்க வேண்டும். அதற்குப் போதுமான, தமிழ் தெரிந்த கிராம உத்தியோகத்தர்கள் தோட்டப் பகுதிகளுக்கு நியமிக்கப்பட வேண்டும்.

நான்கு: 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பிரதேச சபைகள் தமது வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கான வேலைகளைத் தனியாகக் காட்ட வேண்டும்.

ஐந்து: சமத்துவ உரிமை, மக்களின் அன்றாட வாழ்க்கையை நிர்வகிக்கும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் வகையில் அரசியலமைப்பு திருத்தப்பட வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே ஒரு கொப்பி வாங்க வேண்டும். யாருக்கு, எந்தத் திகதியில், எந்த அலுவலகத்தில், என்ன சொல்லி மறுக்கப்பட்டது என்று அதில் எழுதுங்கள். பிந்தி வந்த கடிதத்தின் உறையை எறிய வேண்டாம், தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அத்தாட்சி இல்லை என்று சொல்லித்தான் 1949இல் எமது பாட்டன் பாட்டிகளின் விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். இந்த முறை எம்மிடம் அத்தாட்சி இருக்க வேண்டும்.

கொப்பிகளை அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு மாதக் காலக்கெடு உள்ள விடயமாக இருந்தால் கூட்டம் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வாருங்கள். எந்த விடயத்தை ஆணைக்குழுவுக்குக் கொண்டு போவது, எதை நீதிமன்றத்துக்குக் கொண்டு போவது, எதைப் பேச்சுவார்த்தையில் தீர்ப்பது என்று அங்கே சேர்ந்து முடிவெடுப்போம்.